மச்சி... ஒளிச்சு வெச்சா சரியாயிடுமா?

பீச்சிலிருந்து தாம்பரம் போகும் எலெக்ட்ரிக் ட்ரெயினில், குரோம்பேட்டை தாண்டியதும் ஒரு ஸ்டேஷன் வரும். பெயர் சானடோரியம். அந்த போர்டைப் பார்த்துக்கிட்டேதான் தினமும் ஒரு பெரிய கூட்டம் காலேஜுக்குப் போய்வருது. 'சானடோரியம்னா என்னப்பா?'ன்னு கேட்டுப் பாருங்க... 'அது ஏரியா பேரு பாஸ்!'ன்னு டக்குன்னு பதில் வரும்.

ஏரியா பேர்தான். ஆனா, அது ஒரு நோய் விட்டுட்டுப் போன பேர்!

1928-ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து என்பவர், காசநோயாளிகளுக்காக அங்கே ஒரு ஆஸ்பத்திரி கட்டினார். அப்போ டி.பி-க்கு மருந்தே கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டதே 1943-ல்தான். நல்ல காத்து, நல்ல சாப்பாடு, ஓய்வு... இதுதான் வைத்தியம். கூடவே சொல்லாமல் சொன்ன இன்னொரு வைத்தியமும் உண்டு. 'ஊருக்கு வெளியே இரு'ங்கிறதுதான் அது. வீட்டில் ஒருத்தருக்கு டி.பி-ன்னா அந்தக் குடும்பமே வாயை மூடிக்கும். வெளியே தெரிஞ்சா சம்பந்தம் பேச ஆள் வராது. இருமலை மறைச்சு மறைச்சே செத்துப்போனவங்க எத்தனையோ பேர்!

1937-ல் அரசாங்கம் அந்த ஆஸ்பத்திரியை எடுத்துக்கொண்டது. காலம் உருண்டது. 1986-ல் டாக்டர் சுனிதி சாலமன், நிர்மலா குழு சென்னையில் எச்.ஐ.வி. கிருமியை முதன்முதலாகக் கண்டுபிடிச்சுச் சொன்னப்போ, இந்தியாவே அதிர்ந்தது. 1993-லிருந்து எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு சிகிச்சை தர ஆரம்பிச்சது இதே தாம்பரம் ஆஸ்பத்திரிதான். மறுபடியும் அதே பயம், அதே கிசுகிசு. தாம்பரத்தில் சிகிச்சைன்னு சொல்லவே ஜனங்க குரலைத் தாழ்த்தினாங்க. 2004 ஏப்ரலில் அரசே இலவசமா கூட்டு மருந்து கொடுக்க ஆரம்பிச்சது. முதல் கட்டமா மருந்து கிடைச்ச ஆஸ்பத்திரிகளில் தாம்பரமும் ஒண்ணு. மருந்து வந்தது, பேச்சு வந்தது, பயம் மெதுவா இறங்கிச்சு.

ஆக, நம்ம ஏரியா ரெண்டு தடவை ஒரே பாடத்தைப் படிச்சிருக்கு. நோயை ஒளிச்சு வெச்சா நோய் ஜெயிக்கும். வெளியே சொன்னா மனுஷன் ஜெயிப்பான்!

இப்போ மூணாவது நோய் வந்திருக்கு. போதை. இதில் மட்டும் பாடத்தை மறந்துட்டு, மறுபடியும் முதல் பெஞ்சிலிருந்து ஆரம்பிக்கிறோம்.

ஆயிரம் போலீஸ்... அரை கிலோ கஞ்சா!

2024 ஆகஸ்ட் 31. தாம்பரத்தைத் தாண்டி, ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கும் பொத்தேரி. மாணவர்கள் வாடகைக்குத் தங்கியிருந்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்குள் சுமார் ஆயிரம் போலீஸார் நுழைஞ்சாங்க. 500-க்கும் மேற்பட்ட வீடுகளில் சோதனை. சிக்கியது சுமார் அரை கிலோ கஞ்சா, சில கஞ்சா சாக்லேட், கஞ்சா ஆயில், ஹூக்கா சாமான்கள். மாணவர்கள் சிலரைப் பிடிச்சுக்கிட்டுப் போனாங்க. அன்னிக்கு முழுக்க டி.வி-யில் அதே செய்திதான்.

போலீஸ் வந்தது தப்புன்னு யாரும் சொல்லப்போறதில்லை. விக்கிறவனைப் பிடிக்கணும், பிடிச்சே ஆகணும். 2022 ஜனவரி 1-ல் தாம்பரத்துக்குன்னு தனி போலீஸ் கமிஷனரேட் வந்ததுக்கும், அதே வருஷம் 'கஞ்சா வேட்டை'ன்னு தமிழ்நாடு முழுக்க ரெய்டு நடந்ததுக்கும் காரணம் இருக்கு. கேள்வி வேற. ரெய்டு முடிஞ்சது, கேமராவும் கிளம்பிப் போயாச்சு. அந்தக் கட்டடத்தில் நிஜமாவே பழக்கத்தை விட முடியாமல் தவிச்ச பையன் ஒருத்தன் இருந்திருந்தா, மறுநாள் காலையில் அவன் யார்கிட்ட போவான்?

அவன் கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணாத்தான் இருக்கும்... 'இனிமே இன்னும் நல்லா ஒளிச்சு வெக்கணும்!'

மூணு விதமான 'வைத்தியம்'

ஒருத்தன் போதையில் மாட்டிக்கிட்டான்னு தெரிஞ்சதும் நம்மாளுங்க என்ன செய்றாங்க? பெரும்பாலும் மூணுதான்.

முதல் வைத்தியம், மூடி மறைக்கிறது. 'சேர்க்கை சரியில்லை, வேற ஒண்ணுமில்லை'ன்னு சொந்தக்காரங்ககிட்ட சமாளிப்பாங்க. 'ஒரு கால்கட்டு போட்டா சரியாயிடுவான்'னு பொண்ணு பார்க்கக் கிளம்புவாங்க. அந்தப் பொண்ணு என்ன பாவம் செஞ்சுது? மாட்டினது பொண்ணா இருந்துட்டா கேக்கவே வேணாம். படிப்பை நிறுத்தி, போனைப் பிடுங்கி, வீட்டோட பூட்டி வெச்சுடுவாங்க. டாக்டர்கிட்ட மட்டும் போக மாட்டாங்க.

ரெண்டாவது, அடி. அப்பா பெல்ட்டை எடுப்பார். அதுவும் பத்தலைன்னா, 'அடிச்சுத் திருத்துற' இடத்தைத் தேடுவாங்க. 2022-ல் ராயப்பேட்டையில் ஒரு தனியார் போதை மறுவாழ்வு மையத்தில் சேர்க்கப்பட்ட ஒருத்தர், ஊழியர்களால் அடிச்சே கொல்லப்பட்டதா கொலை வழக்கு பதிவானது. அனுமதி இல்லாமல், டாக்டர் இல்லாமல், பூட்டு மட்டும் பெருசா வெச்சு நடத்துற இடங்கள் இருக்கு. ஜாக்கிரதை!

மூணாவது, துரத்துறது. ஹாஸ்டலிலிருந்து, காலேஜிலிருந்து, வாடகை ரூமிலிருந்து. டி.சி-யைக் கையில் கொடுத்தா காலேஜோட தலைவலி தீரும். ஆனா, படிப்பும் போய் ஃப்ரெண்ட்ஸும் போன பிறகு அந்தப் பையனுக்கு மிச்சம் இருக்கிற ஒரே ஃப்ரெண்ட் பொட்டலம் விக்கிறவன்தான்!

இதிலும் ஆளுக்கொரு நியாயம் இருக்கு. வசதியான வீட்டுப் பையன் மாட்டினா, 'பாவம், ஸ்ட்ரெஸ்ஸுப்பா.' கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் பையன் மாட்டினா, 'அந்த ஏரியாவே அப்படித்தான்!' சிட்டிக்குள் கூவம், அடையாறு கரைகளில் இருந்த குடும்பங்களைப் பேத்து எடுத்து அங்கே கொண்டுபோய் வெச்சது யாருன்னு யாரும் கேக்கறதில்லை. அட்ரஸைச் சொன்னதுமே வேலை கிடைக்காமல் போன பசங்க அங்கே இருக்காங்க. போதைக்கு ஏரியா பேதம் தெரியாது. நமக்குத்தான் தெரியுது.

'ஒரே ஒரு தடவைதான் மச்சி'

தென் சென்னைப் புறநகரில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் மாணவர்களில் நிறையப் பேர் வெளியூர்க்காரங்க. பையைத் தூக்கிக்கிட்டு கிளாம்பாக்கத்தில் வந்து இறங்கும்போது அம்மா கட்டிக் கொடுத்த முறுக்கு இருக்கும், தெரிஞ்ச முகம் ஒண்ணுகூட இருக்காது. இங்கிலீஷ் வகுப்பு பயமுறுத்தும், முதல் செமஸ்டரிலேயே அரியர் விழும். அந்த நேரத்தில் தோளில் கை போட்டு 'வா மச்சி'ன்னு கூப்பிடுற முதல் ஆளு யாருங்கிறதைப் பொறுத்து சிலரோட அடுத்த மூணு வருஷமே மாறிப்போகுது.

அப்புறம் மூளை தன் வேலையைக் காட்டும். நல்ல சாப்பாடு, பாராட்டு, ஜெயிச்ச மேட்ச்... இதுக்கெல்லாம் மூளையில் டோபமைன்னு ஒரு ரசாயனம் சுரக்கும். 'இது நல்லா இருக்கு, திரும்பச் செய்'ன்னு சொல்லிக் கொடுக்கிறதே அதுதான். போதைப் பொருள் அந்த சுவிட்சை வெளியிலிருந்து கையைவிட்டு அழுத்துது. அழுத்த அழுத்த மூளை மரத்துப்போகும். நேத்து போதுமா இருந்த அளவு இன்னிக்குப் பத்தாது. கடைசியில் சந்தோஷத்துக்காக இல்லை, நடுக்கமும் வலியும் தூக்கமின்மையும் வராமல் இருக்கத்தான் தேவைப்படும். 'வேணாம்'னு நிதானமா முடிவெடுக்கும் மூளையின் முன்பகுதி முழுசா வளர இருபத்தஞ்சு வயசு வரைக்கும் ஆகும். அதனால்தான் சின்ன வயசில் ஆரம்பிச்சா பிடி இன்னும் இறுக்கமா விழுது. கஞ்சா தொடுறவங்களில் சுமார் பத்தில் ஒருத்தர் அதை விட முடியாத நிலைக்குப் போறாங்க. டீன் ஏஜில் ஆரம்பிச்சவங்களில் அது ஆறில் ஒருத்தர் வரைக்கும் போகும். 'கஞ்சா மூலிகைதான்'னு சொல்றவங்களுக்கு இன்னொரு தகவல்... சிலருக்கு அது மனச்சிதைவு வரைக்கும் கொண்டுபோய் விடும். காதில் குரல் கேக்கும், எல்லாரும் தன்னையே வேவு பாக்கிற மாதிரி தோணும்.

புதுசா வந்திருக்கும் ஆபத்து, வலி மாத்திரை. டேபென்டடால் மாதிரி மாத்திரைகள் கடுமையான வலிக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கிறவை. சீட்டில்லாமல் விக்கக்கூடாது. 'மெடிக்கல் ஷாப்ல கிடைக்கிறதுதானே'ன்னு நம்பி இறங்குறவங்க, அதை ஊசியில் ஏத்திக்கிற வரைக்கும் போறாங்க. மாத்திரையில் இருக்கும் கரையாத தூள் ரத்தக்குழாயை அடைச்சு, கையே அழுகிப்போகலாம். ஊசியைப் பகிர்ந்தா எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி கிருமிகளும் கூட வரும். சானடோரியத்தின் பழைய கதைக்கும் புதுக் கதைக்கும் நடுவில் இருக்கிறது ஒரு ஊசி நீளம்தான்!

அப்போ சரக்கு மட்டும் நல்லதா? எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் மத்திய அரசுக்காக எடுத்து, 2019-ல் வெளிவந்த ஆய்வைப் பாருங்க. இந்தியாவில் சுமார் 3.1 கோடி பேர் கஞ்சா வகைகளைப் பயன்படுத்துறாங்க. குடிக்கிறவங்க சுமார் 16 கோடி. அதில் உதவி தேவைப்படும் நிலையில் இருப்பவங்க சுமார் 5.7 கோடி. இதைவிடப் பெரிய அதிர்ச்சி, குடிக்கு அடிமையானவங்களில் 38 பேருக்கு ஒருத்தருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைச்சிருக்கு. மீதி 37 பேர்? அவங்க வீட்டில்தான் எல்லாரும் ஒளிச்சு வெச்சிருக்காங்க!

பேரை மறைக்காத ஒரு மனைவி

ஒளிச்சு வெக்காதவங்களும் இருக்காங்க. அடையாறு இந்திரா நகரில் இருக்கிறது டி.டி.கே. மருத்துவமனை. பெரிய தொழில் குடும்பத்து வாரிசான டி.டி. ரங்கநாதன் குடிப்பழக்கத்துக்குப் பலியானது 1979-ல். அவர் மனைவி சாந்தி ரங்கநாதன் நினைச்சிருந்தா 'உடம்பு சரியில்லாமல் இறந்தார்'னு சொல்லிட்டுப் போயிருக்கலாம். அந்தக் காலத்தில் அந்த மாதிரிக் குடும்பத்தில் அதுதான் வழக்கம். அவங்க செஞ்சது நேர் எதிர். 1980-ல், குடியாலும் போதையாலும் பாதிக்கப்பட்டவங்களுக்காக ஓர் அமைப்பை ஆரம்பிச்சு, அதுக்குக் கணவரோட பேரையே வெச்சாங்க! 1992-ல் பத்மஸ்ரீ கிடைச்சது. அதைவிடப் பெருசு, அங்கே சிகிச்சை எடுத்துக்கிட்டு வீடு திரும்பியிருக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள்.

சிகிச்சைன்னா என்ன? முதலில் டாக்டர் கண்காணிப்பில் உடம்பிலிருந்து போதையை இறக்குவாங்க. இதை வீட்டில் ரூமில் பூட்டி வெச்சுச் செய்யக்கூடாது. மொடாக்குடியைத் திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரலாம், உயிரே போகலாம். அப்புறம் கவுன்சலிங். அது பையனுக்கு மட்டும் இல்லை, குடும்பத்துக்கும் சேர்த்து. அதுக்கப்புறம் மாசக்கணக்கில் தொடர் கவனிப்பு. நடுவில் ஒரு தடவை சறுக்கி மறுபடி தொட்டுட்டா, 'எல்லாம் வேஸ்ட்'டுன்னு கைகழுவக்கூடாது. சிகிச்சை எடுத்தவங்களில் 40 முதல் 60 சதவிகிதம் பேர் வரைக்கும் அப்படிச் சறுக்குறாங்க. பி.பி., ஆஸ்துமா நோயாளிகள் மாத்திரையை விட்டுட்டு மறுபடி டாக்டர்கிட்ட போறதில்லையா? தாத்தாவுக்கு பி.பி. ஏறினா 'ஒழுக்கம் கெட்டவர்'னா சொல்றோம்?

பழைய டி.பி. கதையில் இன்னொரு பக்கமும் இருக்கு. 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், 1959-ல் ஒரு முடிவை வெளியிட்டது. மருந்தை ஒழுங்கா எடுத்துக்கிட்டா, சானடோரியத்தில் சேர்ந்தவங்களைப் போலவே வீட்டிலிருந்து சிகிச்சை எடுத்தவங்களும் குணமாகுறாங்க. கூட இருக்கும் குடும்பத்தினருக்கும் அதனால் நோய் கூடுதலா பரவலை! உலகமே டி.பி. வைத்தியத்தை மாத்திக்கிட்டது அந்த 'மெட்ராஸ் ஆய்வு'க்குப் பிறகுதான். ஊரை விட்டுத் தள்ளி வெக்காமலே ஒருத்தரைக் குணப்படுத்த முடியும்னு உலகத்துக்குச் சொன்ன ஊர் பாஸ் இது!

சட்டத்தில் ஒரு கதவு இருக்கு

'டாக்டர்கிட்ட போனா போலீஸ் பிடிச்சுக்குமே?' நிறையப் பேரைத் தடுக்கிறது இந்த பயம்தான். 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கடுமையானதுதான். 20 கிலோவுக்கு மேல கஞ்சா வெச்சிருந்தா குறைஞ்சது பத்து வருஷம் ஜெயில். ஒரு கிலோ வரைக்கும் 'சிறிய அளவு'. அதுக்கும் ஒரு வருஷம் வரை ஜெயில் உண்டு. 'நான் குடிக்கலை, ஃப்ரெண்டுக்கு வாங்கிக் கொடுத்தேன்'னு சொல்லித் தப்பிக்க முடியாது. வாங்குறது, வெச்சிருக்கிறது, எடுத்துட்டுப் போறது... எல்லாமே குற்றம். யாராவது 'ரெண்டு நாள் இந்தப் பையை உன் ரூம்ல வெச்சிரு'ன்னு சொன்னா, நோ!

அதே சட்டத்தில் 64ஏ-ன்னு ஒரு பிரிவு இருக்கு. பழக்கத்துக்கு அடிமையானவர், அரசு நடத்துற அல்லது அரசு அங்கீகரிச்ச இடத்தில் தானா முன்வந்து சிகிச்சை எடுத்துக்கிட்டா, பயன்படுத்தினதுக்காகவோ சிறிய அளவு வெச்சிருந்ததுக்காகவோ அவர்மேல் வழக்கு நடத்தக்கூடாது. ஒரே கண்டிஷன், சிகிச்சையைப் பாதியில் விடக்கூடாது. 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டமும், மது, போதையால் வரும் மனநலப் பாதிப்பை நோய்க் கணக்கில்தான் சேர்த்திருக்கு. சிகிச்சை விவரத்தை ரகசியமா வெக்கச் சொல்லிக் கேக்கும் உரிமையும் நோயாளிக்கு உண்டு.

போர்ச்சுகல் நாடு 2001-ல் இன்னும் ஒரு படி மேலே போனது. விக்கிறவனுக்கு ஜெயில் அப்படியே இருக்கு. சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சமா வெச்சிருந்து மாட்டினவங்களை மட்டும் கோர்ட்டுக்கு அனுப்பாமல், சட்டமும் சுகாதாரமும் தெரிஞ்சவங்க இருக்கும் ஒரு குழுவுக்கு முன்னால் உட்கார வைக்கிறாங்க. ஊசி வழியா எச்.ஐ.வி. தொற்றுறது அங்கே வெகுவா குறைஞ்சது. சிகிச்சைக்கு இடமே இல்லாமல் சட்டத்தை மட்டும் மாத்தியிருந்தா இது நடந்திருக்காது. ரெண்டையும் சேர்த்துச் செஞ்சாங்க.

உங்க ஃப்ரெண்டா இருந்தா..?

* போதையில் இருக்கும்போது அட்வைஸ் வேணாம். தெளிஞ்ச பிறகு, தனியா, திட்டாமல் பேசுங்க. 'உன்னை நினைச்சா பயமா இருக்குடா'ங்கிற ஒரு வரி, ஒரு மணி நேர லெக்சரைவிட நல்லா வேலை செய்யும்.

* ப்ராக்ஸி போடுறது, கடன் கொடுக்கிறது, வீட்டுக்குப் பொய் சொல்றது... இதெல்லாம் நட்பு இல்லை. நோய்க்குப் போடுற தீனி.

* மயங்கிக் கிடந்தா 'தூங்கி எழுந்தா சரியாயிடும்'னு விட்டுட்டுப் போகாதீங்க. மூச்சு மெதுவாகுதா, உதடு நீலமாகுதான்னு பாருங்க. ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, 108-க்கு போன் போடுங்க. என்ன எடுத்துக்கிட்டான்னு டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லுங்க.

* பேச ஆள் வேணும்னா, மத்திய அரசின் போதை மீட்பு இலவச உதவி எண் 14446. மனநல உதவிக்கு 14416. கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திலும் சிகிச்சை உண்டு. அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை'ங்கிற பேரில் போதை மீட்பு மையங்கள் 2025-ல் தொடங்கப்பட்டிருக்கு.

* விக்கிறவனைப் பத்தித் தகவல் சொல்லணும்னா 10581. அது விக்கிறவனுக்கான நம்பர். உங்க ஃப்ரெண்டுக்கான நம்பர் மேலே இருக்கிறது!

ஒரு கேள்வி கேக்கலாமா?

2022 ஆகஸ்ட் 11-ல் தமிழ்நாடு முழுக்கப் பள்ளி, கல்லூரிகளில் கையை நீட்டி போதை எதிர்ப்பு உறுதிமொழி எடுத்தோம். நல்ல விஷயம். காலேஜுக்குக் காலேஜ் போதை எதிர்ப்பு மன்றம்கூட வந்தாச்சு. போஸ்டர் போட்டி, பேரணி, செல்ஃபி... எல்லாம் ஓகே!

அடுத்த தடவை மன்றத்தின் மீட்டிங் நடக்கும்போது, ஒருத்தராவது எழுந்து மூணே மூணு கேள்வி கேளுங்க. நம்ம காலேஜ் கவுன்சலர் யாரு, எந்த ரூமில் எந்த நேரத்தில் இருப்பாங்க? அங்கே பேசினது எச்.ஓ.டி. காதுக்குப் போகுமா? ஒரு பையனோ பொண்ணோ தானா வந்து 'என்னால விட முடியலை, ஹெல்ப் பண்ணுங்க'ன்னு சொன்னா, அவங்க கையில் நீங்க கொடுக்கப்போறது டி.சி-யா, டாக்டர் அட்ரஸா?

பதிலை நோட்டீஸ் போர்டில் எழுதி ஒட்டச் சொல்லுங்க. அதைப் படிக்க வேண்டியவன் கூட்டத்தோட கூட்டமா நின்னு, யாருக்கும் தெரியாமல் படிச்சுக்குவான்.